மலைத்தடமும் மழைத்தண்ணீரும்

கனடாவின் மேற்குக் கரையில் இருக்கிறது வான்கூவர் நகரம். அதற்கு வடக்கே கடற்கழியைத் தாண்டினால், வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்தே மலை ஏறத் தொடங்கிவிடும். சைப்ரஸ், ஃப்ரோம், சீமோர் ஆகிய மூன்று மலைகளையும் சேர்த்து 'நார்த் ஷோர்' என்கிறார்கள். மலைச் சைக்கிளில் ஆர்வமுள்ள எவருக்கும் அந்தப் பெயர் தெரியாமல் இருக்காது. அங்கே தடம் போடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெயில் நாளில் சைக்கிள் ஓட்டுவார்கள். மழை நாளில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவார்கள். காய்ந்த மண் வெட்டினால் பொடியும், அமுக்கினால் அமுங்காது. ஈர மண் சொன்னபடி கேட்கும். அதைவிட முக்கியமான காரணம், தண்ணீர் எங்கே இறங்குகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே பாதையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்பதை மழையில் நின்றால்தான் கண்ணால் பார்க்க முடியும்.

தடம் போடுவதில் முக்கால் பங்கு வடிகால் வேலைதான். வளைவு, தாவல், மரப்பாலம் எல்லாம் மீதிக் கால் பங்குக்குள் வந்துவிடும். விளம்பரப் படங்களில் தெரிவதும் அந்தக் கால் பங்கு மட்டும்தான்.

பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி மேலே ஏறுகிறது. ஏறினால் குளிரும், குளிர்ந்தால் நீரைச் சுமக்க முடியாது. வான்கூவர் விமான நிலையத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 1190 மில்லிமீட்டர். அங்கிருந்து 30 கிலோமீட்டர்கூட இல்லாத மலையடிவாரத்தில் அது 2000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. இதில் பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் கொட்டிவிடும். செஞ்சீடர், ஹெம்லாக், டக்ளஸ் ஃபர் மரங்கள் வானத்தை மறைத்து நிற்பதால், நனைந்த தரை எளிதில் உலர்வதும் இல்லை.

அந்தத் தரையும் ஒரே சீரான மண் அல்ல. மேலே ஊசியிலைகளும் இற்றுப்போன மரமும் சேர்ந்த மட்கு. அது நீரைக் குடித்து ஊறிக்கொண்டே இருக்கும். சக்கரம் பத்து முறை போனால் கூழாகிவிடும். அதற்கடியில் மஞ்சளும் செம்மையும் கலந்த கனிம மண். தடம் போடுகிறவர்கள் இதைத் தங்கம் போலத் தேடுவார்கள். இன்னும் கீழே, பனியாறுகள் அரைத்துப் போட்டுவிட்டுப் போன களியும் கல்லும் இறுகிய படுகை. அதற்கும் கீழே கருங்கல் இனப் பாறை. மேலிருந்து ஊறும் நீர் இறுகிய படுகையை எட்டியதும் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் நகரும். சரிவை வெட்டிப் பாதை போட்டால், மழை நின்று இரண்டு நாள் கழித்தும் வெட்டுச்சுவரிலிருந்து நீர் கசிந்துகொண்டிருப்பது இதனால்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 1 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளமுள்ள ஒரு ஒற்றையடிப் பாதையில் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் பாதையின் மேல் மட்டும் விழும் நீர் 5000 லிட்டர். நவம்பரில் அங்கே இது பெரிய மழையில்லை. மேலே உள்ள சரிவிலிருந்து வடிந்து வருவதை இதில் சேர்க்கவில்லை. காட்டுத் தரையில் விழுந்திருந்தால் இந்த நீரில் பெரும்பங்கு உள்ளே இறங்கியிருக்கும். பாதை மிதிபட்டு, மண்துகள்களுக்கு நடுவே இருந்த காற்றிடம் அமுங்கிப்போய்விட்டதால் உள்ளே போக இடமில்லை. 5000 லிட்டரும் ஒரே பக்கமாக, பாதையின் நீளத்துக்கே ஓடினால், 100-வது மீட்டரில் நிற்பது ஒரு சிற்றோடை.

ஓடும் நீரின் வலிமை அதன் வேகத்தோடு சேர்ந்து சீராக வளர்வதில்லை என்பதுதான் விபரீதம். நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டித் தள்ளக்கூடிய கல்லின் எடை சுமார் 64 மடங்காகும். ஆறாம் அடுக்கு விதி என்று இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். மெல்ல வடியும் நீர் களித்துகளைக் கரைத்துப் போகும். வேகம் கொஞ்சம் கூடினால் மணல் போகும். இன்னும் கூடினால் சரளை போகும். பாதை நடுவே பள்ளமாகும். பள்ளமானதும் அடுத்த மழையின் நீர் முழுவதும் அந்தப் பள்ளத்திலேயே கூடும், ஆழமும் வேகமும் அதிகரிக்கும், பள்ளம் இன்னும் இறங்கும். ஒருமுறை தொடங்கிவிட்டால் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் கேடு இது. நடுவில் சைக்கிளே வராவிட்டாலும் நிற்காது.

ஆனால் இந்த விளையாட்டு பிறந்ததே மலையிலிருந்து நேரே கீழே இறங்கும் ஆசையில்தான். 1976 அக்டோபர் 21 அன்று கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே, தமல்பாய்ஸ் மலைப்பகுதியின் ஒரு தீயணைப்பு மண்சாலையில் சில இளைஞர்கள் பந்தயம் வைத்தார்கள். சாலையின் நீளம் சுமார் 3.4 கிலோமீட்டர், இறக்கம் சுமார் 400 மீட்டர். ஓட்டியவை 1930, 40-களின் கனத்த பழைய சைக்கிள்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரக் குடத்துக்குள்ளேயே பிடிக்கும் பிரேக்தான் அவற்றில் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் குடத்தின் கிரீஸ் எரிந்து புகையாகிவிடும். வீட்டுக்குப் போய்க் குடத்தைக் கழற்றிப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டும். அந்தச் சாலைக்கே 'ரீபேக்' என்ற பெயர் நிலைத்தது இதனால்தான்.

கிரீஸ் ஏன் எரிந்தது என்பதை எளிய கணக்கிலேயே பார்த்துவிடலாம். ஆளும் சைக்கிளுமாக 90 கிலோ எடை 400 மீட்டர் இறங்கினால் விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 353 கிலோஜூல். 1 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும், மீதி அத்தனையும் ஒரு கைப்பிடி இரும்புக்குள் நாலைந்து நிமிடத்தில் இறங்குகிறது. அந்தக் கும்பலைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977-ல் மலைக்கென்றே முதல் சட்டத்தைக் கட்டினார். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, டாம் ரிச்சி ஆகியோர் அதைத் தொழிலாக்கினார்கள். மீதி வரலாறு கடைகளில் தொங்குகிறது.

ரீபேக் ஒரு சாலை, அதனால் தாங்கியது. அதே ஆசையோடு 1980-களிலும் 90-களிலும் நார்த் ஷோர் காட்டுக்குள் யாரிடமும் கேட்காமல் தடம் போட்டவர்கள் பெரும்பாலும் சரிவின் நேர்கோட்டில் போட்டார்கள். நீர் இறங்க விரும்பும் அதே கோடு அது. இரண்டு மழைக்காலத்தில் பாதை வாய்க்காலாகி வேர்கள் வெளியே தொங்கின. சேற்றைத் தாண்டவும் விழுந்து கிடந்த மரங்களைக் கடக்கவும் ஏணியைப் படுக்கவைத்தது போன்ற மரப்பாலங்களைக் கட்டினார்கள். 'டிகர்' என்று எல்லாரும் அழைக்கும் டாட் ஃபியாண்டர் இதில் பேர்போனவர். அவருடைய வீடியோ படங்கள்தான் இந்தப் பாணியை உலகத்துக்குக் கொண்டுபோயின. சேற்றுக்கு மேலே போவதற்காக வந்த பாலம் பிறகு தானே ஒரு விளையாட்டானது. உயர்ந்தது, ஒடுங்கியது, வளைந்தது. ஒரு கட்டத்தில் கையகல மரத்தின் மேல் ஆள் உயரத்தில் ஓட்டினார்கள். வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் பிரச்சினைக்குக் காரணமான நீரை யாரும் தொடவில்லை, அதன் தலைக்கு மேலே ஏறிப் போனார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பாலங்களுக்குச் செஞ்சீடர் கிடைத்தது அதிர்ஷ்டம். அதன் வைரத்தில் துஜாப்ளிசின் என்ற பொருள் இருக்கிறது. மரத்தைத் தின்னும் பூஞ்சைகளுக்கு அது நஞ்சு. நூறாண்டுக்கு முன்பு மரம்வெட்டிகள் விட்டுப்போன சீடர் கட்டைகளைப் பாசி மூடியிருக்கும். ஆப்பு வைத்துப் பிளந்தால் உள்ளே இன்றும் சிவப்பு மாறாத நல்ல மரம். அந்தக் கரையின் பழங்குடி மக்கள் நெடுவீடுகளையும் தோணிகளையும் சீடரில் செய்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். இருந்தாலும் ஆணியும் குறுக்குச் சட்டமும் என்றென்றைக்கும் நிற்காது. விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் வந்தது. பல பாலங்களை உள்ளாட்சி நிர்வாகமே கழற்றியது. 1997-ல் உருவான நார்த் ஷோர் மலைச் சைக்கிள் சங்கம் நிலத்துக்குப் பொறுப்பானவர்களோடு உட்கார்ந்து பேசி, பழைய தடங்களை ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கியது. ஒரு தடத்தைத் திருத்துவது என்றால் பெரும்பாலும் அதைச் சரிவின் நேர்கோட்டிலிருந்து கழற்றி, மலையின் இடுப்பைச் சுற்றி மறுபடி போடுவதுதான்.

இதற்கான விதிகள் மூன்று நாலுதான். 1988-ல் தொடங்கிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் அவற்றை உலகம் முழுக்கப் பரப்பியது. முதலாவது, பாதி விதி: பாதையின் சரிவு, அது கடக்கும் மலைச்சரிவில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. மலை 100 மீட்டருக்கு 40 மீட்டர் இறங்கினால் பாதை 20-க்குள் இருக்கட்டும். அப்போதுதான் நீருக்குப் பாதையின் நீளத்தைவிடக் குறுக்கே கடந்து போவது சுலபமான வழியாகத் தெரியும். இந்த விதியைக் கவனித்துப் படித்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. மலை 100-க்கு 4 மீட்டர் மட்டும் இறங்கும் இடத்தில் பாதைக்குக் கிடைப்பது 2 மீட்டர் இறக்கம்தான். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் இடம்தான் பாதை போட ஆகக் கெட்ட இடம். செங்குத்துச் சரிவில் நீரைத் துரத்த ஒரு பள்ளப்பக்கம் இருக்கிறது. சமதளத்தில் அது போக இடமே இல்லை, தேங்கும்.

இரண்டாவது, ஒரு தடத்தின் மொத்தச் சரிவு சராசரியாக 100-க்கு 10 மீட்டருக்குள் நிற்க வேண்டும். மூன்றாவது, பாதையின் மேற்பரப்பு பள்ளப்பக்கமாக 100-க்கு 5 என்ற அளவில் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர். நின்று பார்த்தால் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

நான்காவதுதான் என் கணக்கில் எல்லாவற்றுக்கும் ராஜா. இறங்கிக்கொண்டே போகும் பாதையைப் பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை ஓரடி மேலே ஏற்றி மறுபடி இறக்குவது. அந்தச் சின்ன மேட்டைத் தண்ணீரால் ஏற முடியாது. மேட்டுக்கு முன்னால் இருக்கும் தாழ்வில் வெளியே போய்விடும். வயலில் மடை வெட்டிவிடுகிறவருக்கு இந்த வேலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டரில் கூடி ஓடிய 5000 லிட்டர், ஏழு இடங்களில் பிரிந்து இடத்துக்கு 700 லிட்டராகக் காட்டுக்குள் போய்விடுகிறது. அந்த அளவு நீரைப் பெரணிச் செடிகளும் மட்கும் வாங்கிக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கும் இதில் லாபம். மேட்டில் ஏறி இறங்கும்போது உடலைத் தாழ்த்தி உயர்த்தினால் பெடல் மிதிக்காமலே வேகம் பிறக்கும். வடிகாலுக்காகச் செய்ததை 'என்ன அருமையான தடம்' என்று ஓட்டுகிறவர் பாராட்டிவிட்டுப் போவார்.

வேலை நடக்கும் விதத்தையும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். முதலில் சாய்வுமானியோடு நடந்து மரங்களில் நாடா கட்டுவார்கள். பிறகு புலாஸ்கி வரும்: ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் குறுக்காகத் திரும்பிய வெட்டுவாய். அமெரிக்க வனத்துறையின் எட் புலாஸ்கி என்பவர் பெயரில் வழங்கும் கருவி. 1910-ல் ஐடஹோ மாநிலத்தில் எரிந்த பெருங்காட்டுத் தீயில் தம் ஆட்களைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போய்க் காப்பாற்றியவர் அவர். வேரைக் கோடரியால் அறுத்து, மண்ணை மறுவாயால் இழுப்பார்கள். மட்கு முழுவதையும் வாரிப் பள்ளப்பக்கம் தூர எறிந்துவிட வேண்டும். சோம்பலில் அதைப் பாதையின் வெளியோரத்தில் கொட்டி, அதன் மேலேயே பாதையில் பாதியைப் போடுகிறவர்கள் உண்டு. ஒரே ஆண்டில் மட்கு இற்று அமுங்கும், வெளியோரம் சரியும். முழுப் பாதையும் வெட்டுப்படாத பழைய மண்ணின் மேல் நிற்க வேண்டும். உட்பக்கச் சுவரைச் செங்குத்தாக விடாமல் சாய்த்துச் செதுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழையில் அது பாதையில் வந்து உட்காரும். கடைசியில் மெக்லியாட் என்ற அகலக் கருவியால் சீவி, அதன் தட்டையான அடியால் தட்டித் தட்டி இறுக்குவார்கள்.

தட்டுவதற்கும் ஒரு பதம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் அணை கட்டிய பொறியாளர் ரால்ஃப் ப்ராக்டர் 1933-ல் இதை அளந்து எழுதினார். காய்ந்த மண்ணில் துகள்கள் ஒன்றோடொன்று முரண்டு பிடிக்கும். கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் வழுக்கி நெருங்கும். ஈரம் மிகுந்தால் இடைவெளிகளில் நீரே நிரம்பிவிடும், நீர் அமுங்காது. நடுவில் ஒரே ஓர் ஈரப்பதத்தில்தான் மண் அதிகபட்சமாக இறுகும். மழை நின்ற மறுநாள் டயருக்கு நல்ல பிடி கிடைப்பதற்கும் ஈரமே காரணம். துகள்களுக்கு இடையில் மெல்லிய நீர்ப்பாலங்கள் நின்று, அவற்றின் பரப்பு இழுவிசை மண்ணைச் சேர்த்துப் பிடிக்கிறது. வெயில் ஏறி அது உலர்ந்தால் தூசி. இன்னொரு மழை பெய்தால் சேறு.

நீரை எந்த விதத்திலும் திருப்ப முடியாத இடங்களில் கல் பாவுவார்கள். கல்லைப் படுக்கவைக்காமல், நீளமான பக்கம் மண்ணுக்குள் இறங்கும்படி நட்டு, சந்துகளில் சிறுகல்லை அடித்து இறுக்குவார்கள். ஒருவர் ஒரு நாள் முழுக்க உழைத்தால் சில மீட்டர்தான் நகரும். ஆனால் ஒழுங்காக நட்டது பல ஆண்டுகளுக்குப் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும்.

அப்படியானால் சக்கரம் பாதையைக் கெடுப்பதே இல்லையா? நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் இது நாற்பது ஆண்டுச் சண்டை. 1994-ல் ஜான் வில்சன், ஜோசஃப் செனி இருவரும் மொன்டானா மாநில மலைப்பாதைகளில் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். மனிதர், குதிரை, மோட்டார் சைக்கிள், சைக்கிள் நான்கையும் தனித்தனியே போகவிட்டு, செயற்கை மழை பெய்வித்து, கழுவிப்போகும் மண்ணை அளந்தார்கள். குதிரையும் மனிதரும் கிளப்பிவிட்ட மண், சக்கரங்கள் கிளப்பியதைவிட அதிகம். முன்பே நனைந்திருந்த பாதையில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2001-ல் வெளிவந்த ஒன்டாரியோ ஆய்வில், யாரும் மிதிக்காத காட்டுத் தரையில் 500 முறை வரை நடந்தும் ஓட்டியும் பார்த்தார்கள். செடிகளுக்கும் மண்ணுக்கும் ஏற்பட்ட சேதத்தில் இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

சைக்கிள்காரர்கள் இந்த ஆய்வுகளைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார்கள். ஆனால் ஒருமுறை கடந்தால் எவ்வளவு சேதம் என்பதுதான் இவற்றில் உள்ள கணக்கு. நடக்கிறவர் ஒரு காலையில் போகும் தொலைவைப் போல மூன்று நான்கு மடங்கு சைக்கிள்காரர் போய்விடுவார் என்பது இதில் வரவில்லை. பின்பிரேக்கைப் பூட்டிச் சக்கரத்தை இழுத்துக்கொண்டு இறங்குகிறவர் ஒரு வளைவில் செய்வதை, உருண்டு போகும் சக்கரத்தோடு ஒப்பிட முடியாது. விலங்குகளின் கணக்கும் வேறு. யூட்டாவின் ஆன்டிலோப் தீவில் 2003-ல் வெளியான ஆய்வில், நடக்கிறவருக்கும் சைக்கிளுக்கும் மான்களும் காட்டெருமைகளும் ஒரே அளவில்தான் மிரண்டன. ஓரிகனில் எல்க் மான்களை வைத்துச் செய்த 2009 ஆய்வில், நடக்கிறவரையும் குதிரையையும்விடச் சைக்கிள் அதிகம் கலைத்தது. ஓசையில்லாமல் வேகமாக வருவதுதான் சைக்கிளின் குற்றம். கரடி உள்ள காட்டில் அது ஓட்டுகிறவருக்கே ஆபத்து. 2016-ல் மொன்டானாவில் வேகமாக வந்த ஒருவர், மறைவான வளைவில் கிரிஸ்லி கரடியின் மேலேயே மோதி உயிரிழந்தார்.

நார்த் ஷோரிலிருந்து கடலோர நெடுஞ்சாலையில் வடக்கே போனால், வான்கூவரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டரில் விஸ்லர். பனிக்காலத்தில் சறுக்கு மலை. கோடையில் அதே இழுவை நாற்காலிகளில் சைக்கிளை மாட்டி மேலே ஏற்றிவிடுகிறார்கள். இங்கே தடங்கள் பலவற்றை மண்வாரி இயந்திரத்தால் செதுக்கியிருக்கிறார்கள். 'ஏ-லைன்' என்ற தடம் அவற்றில் தலைமகன்: உயர்ந்த வளைவுச் சுவர்களும் வரிசையான தாவல்களுமாக, கல்லும் வேரும் இல்லாமல் வழித்துவிட்ட மண். இங்கே தண்ணீரோடு இயற்பியலின் மற்றப் பாடங்களும் சேர்ந்துகொள்கின்றன.

வளைவையே பாருங்கள். 6 மீட்டர் ஆரமுள்ள தட்டையான வளைவில், தளர்ந்த மண்ணின் உராய்வு எண் 0.5 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 19 கிலோமீட்டரைத் தாண்டினால் சக்கரம் வழுக்கும். அதே வளைவைச் சுமார் 50 பாகை சாய்ந்த சுவராகக் கட்டினால், 30 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டு உராய்வே தேவைப்படாது. தரை ஆளை நேராகத் தாங்கிக்கொள்ளும். டயர் மண்ணைப் பக்கவாட்டில் பிறாண்டுவதும் குறைகிறது. ஆக, நன்றாகக் கட்டிய வளைவுச் சுவர் வேகத்துக்கும் உதவும், மண்ணுக்கும் உதவும். சுவரின் அடியில் நீர் தேங்காமல் வெளியே எடுத்துவிட்டால்தான் இத்தனையும் உண்மை. அதை மறந்து கட்டிய எத்தனையோ அழகான வளைவுகள் மழைக்குப் பின் குட்டைகளாகிவிடுகின்றன.

தாவலில் சூட்சுமம் ஏறுமுகத்தில் இல்லை, இறங்குமுகத்தில். ஒருவர் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீட்டரில் பறந்து, 1.5 மீட்டர் கீழே வந்து இறங்குகிறார் என்று வைப்போம். தட்டைத் தரையில் விழுந்தால் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து குதித்த அடிதான். 25 பாகை இறங்கும் சரிவில் இறங்கினால், தரைக்குச் செங்குத்தான வேகம் சுருங்கி, வெறும் 12 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குதித்த அடியாகக் குறைகிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் மான்ட் ஹப்பர்ட் பனிச்சறுக்குத் தாவல்களுக்காக வகுத்துத் தந்த அளவுகோல் இது. வேகத்தை ஓட்டுகிறவர் தவறாகக் கணித்தால், சரிவைத் தாண்டியோ அதற்கு முன்போ விழுவார். 2009 கோடைப் பருவத்தில் விஸ்லர் சைக்கிள் பூங்காவிலிருந்து அங்குள்ள மருத்துவ மையத்துக்குக் காயத்தோடு வந்தவர்கள் 898 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்பு முறிவு. முறிவுகளில் நான்கில் மூன்று கைப்பக்கம். விழும்போது கையை ஊன்றும் பழக்கம் மனிதருக்கு மாறாது.

இனி, வளைவுக்கு முன்னால் வரும் அந்தத் துணிதுவைக்கும் கல் போன்ற வரிவரி மேடுகள். கையை உலுக்கி எடுத்துவிடும். பிரேக் பிடிப்பதால்தான் வருகிறது என்பார்கள், பாதிதான் சரி. 2007-ல் டேபர்லே, மோரிஸ், மெக்கெல்வைன் ஆகிய மூவர், சுழலும் வட்ட மணல்தளத்தில் ஒரு சக்கரத்தை ஓடவிட்டுப் பார்த்தார்கள். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மணல் தட்டையாகவே இருந்தது. அதைத் தாண்டியதும் வரிகள் தாமாகவே பிறந்தன. சக்கரம் ஒரு சிறு மேட்டில் ஏறித் துள்ளி விழும் இடத்தில் குழி. அந்தக் குழி அடுத்த துள்ளலுக்குக் காரணம். இதற்கு ஸ்பிரிங்கும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம், வேகம் போதும். பிரேக் பிடித்தால் இன்னும் சீக்கிரம் வருகிறது. எனவே அறிவுள்ள தடம்காரர் வளைவுக்கு முன்னால் பாதையைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிடுவார். பிரேக் தொடாமலே வேகம் குறையும், தண்ணீரும் அங்கே வெளியேறும். ஒரே மேட்டில் இரண்டு வேலை.

இத்தனையும் இன்றைய மழைக்குப் போட்ட கணக்கு. காற்று ஒரு பாகை சூடானால் அது சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். 2021 ஜூனில் இதே மாகாணத்தின் லிட்டன் ஊரில் வெப்பம் 49.6 பாகையைத் தொட்டது. அதே ஆண்டு நவம்பரில் பெருமழை நெடுஞ்சாலைகளை அறுத்துப்போட்டது. நெடுஞ்சாலைக்கே இந்தக் கதி என்றால், மூன்றடி மண்பாதைக்குச் சொல்ல வேண்டாம். மேடுகளை இன்னும் நெருக்கமாகவும் வடிகால் வாய்களை இன்னும் அகலமாகவும் வைக்க வேண்டிவரும்.

தடம் போடுகிறவரின் கையில் இல்லாத ஒன்று மிச்சமிருக்கிறது. பாதை நடுவே சேறு கிடந்தால் காலணி நனையாமல் ஓரமாக ஒதுங்கிப் போகிறோம். அந்த ஓரம் மிதிபட்டுச் செடி சாகும், மண் அமுங்கும், அங்கேயும் நீர் தேங்கும். அடுத்தவர் இன்னும் தள்ளி ஒதுங்குவார். மூன்றடிப் பாதை ஒரே பருவத்தில் பத்தடிச் சேறாவது இப்படித்தான். சைக்கிளில் போனாலும் நடந்து போனாலும், எந்த நாட்டு மலையானாலும், குட்டையைக் கண்டால் நடுவிலேயே போங்கள். காலணியைக் கழுவிக்கொள்ளலாம்.